சுவரில் ஒரு துளை போட யாரைக் கேட்பது?

இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் என் அத்தை மகன் இருக்கிறான். இரண்டு வருடத்துக்கு முன்னால் தோட்ட ஆபீசுக்கு ஒரு கடிதம் எழுதினான். பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுப்படிச் சுவரின் மேல் பக்கத்தில் ஓரடிக்கு ஓரடி ஒரு துளை போட அனுமதி வேண்டும், அதில் தகரக் குழாய் ஒன்றைச் செருகிப் புகையை வெளியே விட வேண்டும், செலவெல்லாம் என்னுடையது. பதில் வர நான்கு மாதம் ஆனது. லயம் (தொழிலாளர் குடியிருப்பு வரிசை) தோட்டத்தின் சொத்து, கட்டடத்தில் மாற்றம் எதுவும் செய்யக்கூடாது என்று இரண்டே வரி.

அந்தக் கடிதத்தை அவன் சட்டம் போட்டு மாட்டாத குறைதான். யார் வந்தாலும் எடுத்துக் காட்டுவான். எனக்கும் காட்டினான். மலையகத்தில் புற்றுநோயைப் பற்றி எழுதுவதென்றால் இந்தக் கடிதத்தில் தொடங்குவதுதான் சரி என்று எனக்கு அன்றைக்கே பட்டது.

புற்றுநோய் என்றதும் நம் வாயில் முதலில் வருவது புத்திமதி. வெற்றிலை போடாதே, பீடி குடிக்காதே, சாராயத்தைத் தொடாதே. பள்ளிக்கூடச் சுவரிலும் கிளினிக் சுவரிலும் இதுதான் எழுதியிருக்கிறது. அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் எந்தப் பழக்கமும் அந்தரத்தில் தொங்குவதில்லை. அது ஒரு காம்பராவுக்குள் (ஒற்றை அறை வீட்டுக்குள்), ஒரு மலைச்சரிவில், ஒரு கடைச் சந்தியில் பிறந்து வளர்கிறது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மூச்சில் போகும் புகையும் கூரையிலிருந்து உதிரும் தூசும் யாருடைய பழக்கமும் அல்ல. அவை இருப்பிடத்தோடு வருகின்றன.

லயத்தைத் தெரியாதவர்களுக்காக ஒரு சொல். வரிசையாக ஆறு, பத்து, சில இடங்களில் இருபதுக்கு மேல் காம்பராக்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி ஒரு காம்பரா, முன்னால் ஓர் இஸ்தோப்பு, அதாவது சின்னத் திண்ணை. அடுப்பு சில வீடுகளில் இஸ்தோப்பு மூலையில் இருக்கும், சில வீடுகளில் உள்ளேயே இருக்கும். பழைய இரட்டை லயங்கள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்பவை. அவற்றில் பின் சுவர் என்று ஒன்று கிடையாது, அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம் படுத்திருக்கிறது. காற்று வந்த வழியாலேயேதான் திரும்பிப் போக வேண்டும். கோப்பிக் காலத்திலும், 1867-ல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்ட பிறகு வந்த தசாப்தங்களிலும் ஆட்களைப் படுக்க வைக்கக் கட்டியவை இவை. ஒரு குடும்பம் மூன்று தலைமுறை குடியிருக்கும் என்று கட்டியவர்கள் நினைக்கவில்லை.

1972-லும் 1975-லும் நிலச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுக்கு வந்தன. 1992-ல் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனது, காணி குத்தகைக்குப் போனது. ஆக காணி அரசுடையது, குத்தகை கம்பனியுடையது, காம்பரா தோட்டத்துடையது. இருமல் மட்டும் இருப்பவனுடையது. துளை போட யாரைக் கேட்பது என்ற கேள்வி இந்த இடத்தில்தான் பிறக்கிறது.

சரி, அந்த அடுப்படிக்குள் போவோம். அத்தையின் அடுப்புக்கு மேலே இருக்கும் கைமரங்கள் தார் பூசியது மாதிரி மினுங்கும். நூலாம்படையில் கரி ஏறி ஏறி, கறுப்புக் கயிறாகத் தொங்கும். மழை நாளில் தகரத்தின் உள்பக்கம் வேர்த்துச் சொட்டும் தண்ணி சட்டையில் பட்டால் பழுப்புக் கறை, எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது. எரிப்பது மிலாறு. கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து கட்டிக்கொண்டு வரும் தேயிலைக் குச்சி. கவ்வாத்து முடிந்த கையோடு அடுக்கி வைத்துக் காயவிட்டால் அது நல்ல விறகு. ஆனால் அடுக்கி வைக்க இடம் எங்கே இருக்கிறது? இஸ்தோப்பு ஓரத்தில் சாரல் படும் இடத்தில்தான் கிடக்கும். ஆனி, ஆடி மழையில் நனைந்த மிலாறு எரிவதைவிடப் புகைவதுதான் அதிகம். அதைப் பற்றவைக்கக் கொஞ்சம் மண்ணெண்ணெய், மண்ணெண்ணெய் இல்லாத நாளில் ஒரு சிலிசிலி பேக், அதாவது மெல்லிய பிளாஸ்டிக் பை.

அரைகுறையாக எரியும் விறகின் புகையில் என்ன இருக்கிறது? தலைமுடியின் தடிப்பில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லாத நுண்துகள்கள், பென்சீன், ஃபார்மல்டிஹைட், பென்சோபைரீன் போன்ற தார்ப் பொருட்கள். சிகரெட் புகையில் புற்றுநோய்க்குக் காரணமென்று சொல்லும் பலதும் இதிலும் உண்டு. நுண்துகள் ஒரு நாளின் சராசரியில் கன மீற்றருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வரையறுத்தது. வழியடைத்த அடுப்படியில் விறகு எரியும் நேரத்தில் அளந்தால் அது நூற்றுக்கணக்கில் இருக்கும், சில நேரம் ஆயிரத்தையும் தாண்டும்.

சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வீட்டுக்குள் நிலக்கரி எரிப்பதை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற முதல் பட்டியலில் வைத்திருக்கிறது. விறகுப் புகை அதற்கு ஒரு படி கீழே, உண்டாக்கும் வாய்ப்பு அதிகம் என்ற பட்டியலில் இருக்கிறது. இந்த வித்தியாசத்தை மறைக்கக்கூடாது. விறகு அடுப்பு இருக்கும் வீட்டிலெல்லாம் நுரையீரல் புற்றுநோய் வரும் என்று பயமுறுத்துவது எனக்குப் பிடிக்காது. விறகுப் புகையால் முதலில் கெடுவது மூச்சுக்குழாய்தான். தீராத இருமலும் இழுப்பும் அதற்குச் சாட்சி. புற்றுநோய் அதன் பின்னால், வரிசையில் நிற்கிறது.

அடுப்படியைத் திருத்தினால் புற்றுநோய் குறையுமா என்று கேட்டால், குறைந்த இடம் ஒன்று இருக்கிறது. சீனாவின் யுன்னான் மாகாணத்தில் சுவான்வெய் என்று ஒரு மாவட்டம். அங்கே வீட்டுக்கு நடுவில் குழியடுப்பு வைத்து, புகை அதிகம் வரும் நிலக்கரியை எரிப்பார்கள். புகைபோக்கி கிடையாது. சிகரெட்டைத் தொடாத பெண்களையே நுரையீரல் புற்றுநோய் அள்ளிக்கொண்டு போனது. பிறகு பல வீடுகள் புகைபோக்கி வைத்த அடுப்புக்கு மாறின. இருபத்தோராயிரத்துக்கு மேற்பட்ட கிராமத்தவர்களைப் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வு 2002-ல் வெளிவந்தது. அடுப்பு மாற்றிய வீடுகளில் நுரையீரல் புற்றுநோய் வாய்ப்பு ஆண்களுக்குச் சுமார் நாற்பது வீதமும், பெண்களுக்கு அதைவிடச் சற்றுக் கூடுதலாகவும் குறைந்திருந்தது. ஆனால் பலன் தெரியப் பத்து வருடம் பிடித்தது. அங்கே எரிந்தது நிலக்கரி, இங்கே மிலாறு, அளவு ஒன்றாக இருக்காது. ஆனாலும் யாருக்கும் மருந்து கொடுக்கவில்லை, புத்திமதி சொல்லவில்லை, ஒரு குழாயை வைத்தார்கள், அவ்வளவுதான். அத்தை மகனின் கடிதத்தை எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஊர் ஞாபகம் வரும்.

அடுப்பை மாற்றச் சொல்லி வெளியிலிருந்து வருகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். குளிர். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்துக்கு வராத தோட்டங்களிலும் தை மாத விடியற்காலையில் பீலியில் (ஊற்றுக் குழாயில்) வரும் தண்ணியில் கை வைக்க முடியாது. லயத்தில் அடுப்பு சமைக்க மட்டும் எரிவதில்லை. மலையில் இடுப்பில் கட்டி, நனைந்து வந்த படங்கைக் காயவைப்பதும் அதுதான், பிள்ளையின் ஈரச் சப்பாத்தைக் காயவைப்பதும் அதுதான், பாட்டி கையை நீட்டிக்கொண்டு உட்கார்வதும் அதன் முன்னால்தான். கேஸ் அடுப்பு சோற்றை வேகவைக்கும், படங்கைக் காயவைக்காது. அதனால் கேஸ் வாங்கிய வீட்டிலும் விறகடுப்பு அணைவதில்லை. புகையைக் குறைக்க வேண்டுமென்றால் துணி காயவைக்க ஒரு மறைப்பு, காற்று புகாத கதவு, விறகுக்கு ஒரு கொட்டகை என்று அடுப்போடு சேர்த்து நாலு சாமானைக் கொடுக்க வேண்டும்.

கேஸ் கதையும் 2022-ல் தெரிந்ததுதான். 1,500 ரூபா அளவில் இருந்த 12.5 கிலோ சிலிண்டர் அந்த வருடம் 4,800 ரூபாவைத் தாண்டியது. அப்போது தோட்டத்தில் ஒரு நாள் சம்பளம் 1,000 ரூபா. ஐந்து நாள் சம்பளத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு சிலிண்டர். டவுன்காரர்களே விறகு தேடி அலைந்த காலம் அது, லயத்தில் கேட்க வேண்டியதில்லை. எண்பதுகளில் இலங்கையில் உருவான அனகி அடுப்பு, இரண்டு சட்டி ஒன்றாக வைக்கும் மண்ணடுப்பு, விறகை மிச்சப்படுத்துகிறது, புகையும் ஓரளவு குறைகிறது. ஆனால் அதற்குப் புகைபோக்கி கிடையாது. அதற்கும் சுவரில் ஒரு வழி வேண்டும்.

சிலிசிலி பேக்குக்கு வருகிறேன். பிளாஸ்டிக்கைக் குறைந்த சூட்டில் எரித்தால், முக்கியமாகப் பிவிசி கலந்திருந்தால், டயொக்சின் வரும். அந்த இனத்தில் மிக மோசமானது உறுதிப் பட்டியலில் இருக்கிறது. எங்கள் பணிய (கீழ்) லயத்துக் கானில், அதாவது வடிகாலில், குப்பையைக் கூட்டி எரிப்பது ஞாயிற்றுக்கிழமை வேலை. பிள்ளைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்போம். ஏன் எரித்தோம்? எடுத்துக்கொண்டு போக யாரும் வராததால். டவுனில் பிரதேச சபை ட்ரக்டர் வரும், தோட்டத்துக்கு வராது. பிரதேச சபைச் சட்டம் 1987-ல் வந்தபோது தோட்டங்கள் அதன் எல்லைக்குள் இருந்தும் சபைப் பணத்தைத் தோட்டக் குடியிருப்புக்குள் செலவழிக்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. வாக்குப் போடலாம், உறுப்பினரைத் தெரிவு செய்யலாம், ஆனால் அந்த உறுப்பினர் தன் லயத்துக் கானுக்கு ஒரு மூடி போட முடியாது. 2018-ல் திருத்தச் சட்டம் வந்துதான் அந்தக் கதவு திறந்தது. முப்பத்தொரு வருடம். இப்போதும் ட்ரக்டர் ஏறும் பாதை இருக்கும் லயத்துக்குத்தான் வரும் என்பது வேறு விஷயம்.

இனி வெற்றிலை. இதை நான் தூரத்தில் நின்று எழுத முடியாது.

அத்தை இருபது வயதுக்கு முன்பே வெற்றிலை போட ஆரம்பித்தவர். காலை எட்டு மணிக்கு மலை ஏறினால் பகல் கொழுந்து நிறுக்கும் வரை இரண்டு கையும் ஓயாது. கூடை முதுகில், கிலோக் கணக்கு தலையில். பசி எடுத்தால் ஒரு வாய் போடுவார். குளிர் ஏறினால் ஒரு வாய். பக்கத்து நிரைக்காரி நீட்டினால் ஒரு வாய். மடியில் சுருக்குப் பை, அதில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, யாழ்ப்பாணத்துப் புகையிலை. அட்டை கடித்தால் அதே சுண்ணாம்பை அதன் தலையில் வைப்பார். சக்கையைத் துப்பாமல் கொடுப்பில் அடக்கிக்கொண்டே ராத்திரி தூங்கிவிடுவார்.

ஐம்பது வயதைத் தாண்டியபோது அவருக்கு மிளகாய் ஆகவில்லை. சம்பல் பட்டால் வாய் எரிந்தது. பிறகு வாய் சுருங்க ஆரம்பித்தது. நல்ல வாய் என்றால் நடு மூன்று விரலை நிமிர்த்தி வைத்து உள்ளே விடலாம். அத்தைக்கு இரண்டு விரலானது, அப்புறம் ஒன்று. ரொட்டியைப் பிய்த்துத் தேத்தண்ணியில் ஊறவைத்து ஓரமாகத் தள்ளுவார். வயசு, வாதம் என்று எல்லாரும் சொன்னோம். தோட்ட டிஸ்பென்சரியில் ஒரு பூச்சு மருந்து கொடுத்தார்கள். கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாக ஒரு திட்டு இருந்ததை யாரும் டோர்ச் அடித்துப் பார்க்கவில்லை. மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அது கழுத்துக்கு இறங்கியிருந்தது.

பாக்கில் இருக்கும் அரெகொலின் என்ற பொருள் கன்னத்தின் உள்தோலுக்குக் கீழே நார் நாராகப் படியவைக்கிறது. வாய் சுருங்குவது அதனால்தான். சுண்ணாம்பு உமிழ்நீருக்குக் காரத்தன்மை (அமிலத்துக்கு எதிரான தன்மை) கொடுத்துப் பாக்கின் சாரத்தை இன்னும் வேகமாக வெளியே இழுக்கிறது. புகையிலை தன் பங்குக்கு நைட்ரோசமீன்களைக் கொண்டுவந்து சேர்க்கிறது. புகையிலை இல்லாவிட்டால் தோஷமில்லை என்று நம்பும் ஆட்கள் இன்னும் நிறைய. அந்த நம்பிக்கை உடைந்து இருபது வருடமாகிறது. பாக்கையே, புகையிலை சேராத வெற்றிலைக் கூறையே, முகவரகம் 2004-ல் உறுதிப் பட்டியலில் சேர்த்தது. இலங்கை ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய்தான் முன்னால் நிற்கிறது. சபரகமுவ மாகாணத்தில் முப்பது வயதுக்கு மேற்பட்டவர்களின் வாயைப் பார்த்த ஓர் ஆய்வில், நூற்றில் பத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் புற்றாக மாறக்கூடிய திட்டுகளோ சுருக்கமோ இருந்தன. அந்த ஆய்வில் டவுன்காரர்களும் கிராமத்தவர்களும் தோட்டத்தவர்களும் இருந்தார்கள். அந்த நிலையிலேயே கண்டுபிடித்து, வெற்றிலையை விட்டு, கிளினிக்கில் தொடர்ந்து காட்டினால் பலருக்குப் புற்று வராமலே தடுக்கலாம்.

அத்தை வெற்றிலையை விட முயலவில்லை என்று நினைக்க வேண்டாம். மூன்று தடவை விட்டார். மூன்று தடவையும் மலையில்தான் திரும்ப ஆரம்பித்தார். பகல் வரை வயிற்றுக்கு ஒன்றும் இல்லாத இடத்தில், உட்கார மறைப்பும் குடிக்கத் தண்ணியும் இல்லாத இடத்தில், கூட நிற்கும் பத்துப் பேரும் போடும் இடத்தில் ஒருத்தி மட்டும் விடுவது லேசல்ல. பத்து மணிக்குத் தேத்தண்ணியும் கையில் எடுத்துச் சாப்பிட ஏதாவதும் மலைக்கே வந்தால், அது எந்தப் போஸ்டரையும்விட அதிகம் வேலை செய்யும் என்பது என் அபிப்பிராயம்.

கடைச் சந்தியும் இதில் சேர்ந்ததுதான். புகையில்லாப் புகையிலைக் கலவைகளை 2016-ல் அரசாங்கம் தடை செய்தது. கடைசியாக ஊருக்குப் போனபோதும் ஒரு பெட்டிக்கடையில், கேட்டவனுக்கு மேசைக்கு அடியிலிருந்து ஒரு பொட்டலம் வந்ததை நான் பார்த்தேன். 2006-ன் புகையிலை, மதுசாரச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கக்கூடாது. சந்தியில் யார் வயசு கேட்கிறார்கள்? வேறு சில ஊர்களில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் கடை கடையாகப் போய்ப் பேசி, கடைக்காரர்களே சிகரெட் விற்பதை நிறுத்தியிருக்கிறார்கள். சம்பள நாளில் டவுன் பார் வாசலில் நிற்கும் கூட்டத்தைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரையே எழுதலாம். இங்கே ஒன்று மட்டும் சொல்லி வைக்கிறேன். சாராயமும் புகையிலையும் ஒரே வாயில் சேர்ந்தால் ஆபத்து கூட்டல் கணக்கில் ஏறுவதில்லை, பெருக்கல் கணக்கில் ஏறுகிறது.

தேத்தண்ணியைப் பற்றி ஒரு வார்த்தை. தேயிலையில் குற்றமில்லை, சூட்டில்தான். 65 பாகை செல்சியசுக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் எந்தப் பானமும் உணவுக்குழாய்ப் புற்றுநோயைக் கொண்டுவரும் வாய்ப்பு அதிகம் என்று 2016-ல் அறிவித்தார்கள். உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டு, ஆவி பறக்கும் சாயத் தண்ணியை உறிஞ்சுவது எங்கள் ஊரில் ஒரு கலை. ஐந்து நிமிடம் ஆறவிட்டால் போதும். ஆனால் பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு, நேரமாகிவிட்டால் ஐந்து நிமிடம் எங்கே கிடைக்கும்?

கூரையின் கதை இதைவிடச் சுவாரசியமானது, அதில் தேயிலையே நேரடியாக வருகிறது. லயங்களின் பழைய தகரம் ஓட்டையானால் அதற்குப் பதிலாக ஏறுவது பல இடங்களில் அஸ்பெஸ்டஸ் சீட். மலிவு, மழைச் சத்தம் குறைவு. எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற பட்டியலில் இருக்கிறது. நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்வில் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய் முப்பது, நாற்பது வருடம் கழித்துத் தலைகாட்டும். 2018 முதல் அஸ்பெஸ்டஸ் இறக்குமதியை நிறுத்துவதாக இலங்கை சொன்னது. நமக்கு அஸ்பெஸ்டஸ் அதிகம் வருவது ரஷ்யாவிலிருந்து. நம்மிடம் தேயிலை அதிகம் வாங்குவோரில் ரஷ்யாவும் ஒன்று. 2017 மார்கழியில், இலங்கைத் தேயிலைப் பொதி ஒன்றில் கப்ரா வண்டு ஒன்று இருந்ததாகச் சொல்லி ரஷ்யா நம் தேயிலையை நிறுத்தியது. சில நாட்களில் கொழும்பு அஸ்பெஸ்டஸ் தடையைத் தள்ளிவைத்தது. அந்த மாதம் முடிவதற்குள் ரஷ்யாவும் தேயிலைத் தடையை எடுத்தது. வண்டுக்கும் கூரைக்கும் சம்பந்தம் இல்லை என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். கொழுந்து பறித்தவளின் கூரை, அவள் பறித்த கொழுந்துக்காக அப்படியே நின்றுவிட்டது என்றுதான் எனக்குப் படுகிறது.

பயப்பட வேண்டிய இடம் எது என்பதும் தெரிய வேண்டும். உடையாமல் கூரையில் கிடக்கும் சீட் பெரிதாக நாரை உதிர்க்காது. அறுக்கும்போதும், ஆணிக்குத் துளை போடும்போதும், உடைக்கும்போதும்தான் கண்ணுக்குத் தெரியாத நார் பறக்கிறது. லயத்தில் நடப்பதே அதுதான். உடைந்த துண்டு கோழிக்கூட்டுக்கு மேல் ஏறும், பாதைச் சேற்றில் மிதியடியாகக் கிடக்கும், பிள்ளைகள் அதை உரசிச் சுவரில் கோடு போடுவார்கள். நனைத்துவிட்டு அறுப்பது, துண்டுகளைப் பொறுக்கிச் சாக்கில் கட்டிப் புதைப்பது, இவை காசு கேட்கும் காரியங்கள் அல்ல.

புல்லுக்கு மருந்தடிப்பதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அதில் நிபுணர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. கிளைபோசேட் என்ற புல் மருந்தை முகவரகம் 2015-ல் இரண்டாம் படியில் வைத்தது. அமெரிக்க, ஐரோப்பியக் கட்டுப்பாட்டு அமைப்புகள் அதை ஒத்துக்கொள்ளவில்லை. இலங்கை 2015-ல் தடை செய்து, 2018-ல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் திறந்துவிட்டது. எது எப்படியோ, மருந்தடித்தவர் அதே சட்டையோடு வீட்டுக்கு வந்து, அதைப் பிள்ளையின் உடுப்போடு சேர்த்துப் பீலிக்கரையில் அலசும் நிலை எந்த மருந்துக்கும் சரிவராது. மலையிலேயே குளிக்க ஓர் இடம் வேண்டும். காலி கேனில் குடிதண்ணி பிடிப்பதை இன்னும் காண முடிகிறது.

கிளினிக்கின் தூரமும் ஒரு சுற்றுச்சூழல்தான். 1996 முதல் நாட்டில் சுகவனிதையர் கிளினிக்குகள் நடக்கின்றன. 35 வயதில் கருப்பைக் கழுத்துப் பரிசோதனை, மார்பகப் பரிசோதனை எல்லாம் இலவசம். 2017 முதல் ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்கு கருப்பைக் கழுத்துப் புற்றைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசியும் பள்ளியிலேயே போடுகிறார்கள். தடுப்பூசி பிள்ளை இருக்கும் இடத்துக்கே வருகிறது, அதனால் மலையகத்திலும் அது நடக்கிறது. பரிசோதனைக்கு அம்மாதான் போக வேண்டும், அதனால் தவறுகிறது. போனால் அன்றைய பேர், அதாவது அன்றைய நாட்சம்பளம், போய்விடும். 2024-ல் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவானது, அதை விட்டுவிட்டு நோயே இல்லாத உடம்பைக் காட்ட யார் போவார்? குடும்பநல உத்தியோகத்தர் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கே வந்து, அன்றைக்கு அரைப் பேர் வெட்டாமல் நிர்வாகம் விட்டுக்கொடுத்த தோட்டங்களில் வரிசை நீள்கிறது. அதே மடுவத்தில் ஒரு டோர்ச்சும் மரக்குச்சியும் இருந்தால் நூறு வாயைப் பார்க்கலாம். அத்தைக்கு அப்படி ஒரு டோர்ச் கிடைத்திருந்தால் என்று நான் நினைக்காத நாள் இல்லை. கண்டிக்கோ மகரகமவுக்கோ கதிர் வைத்தியத்துக்குப் போவதென்றால் ஆறேழு கிழமை, கிழமைக்கு ஐந்து நாள். கூட ஒருத்தர் தங்க வேண்டும். இரண்டு சம்பளம் நின்றுபோகும்.

இதற்கெல்லாம் பெரிய பதில் தனி வீடுதான். ஏழு பேர்ச் காணியில் வீடு என்ற திட்டம் 2015-க்குப் பிறகு வேகம் பிடித்தது. இந்திய உதவியில் முதலில் நான்காயிரம் வீடு, 2017-ல் நோர்வூட் கூட்டத்தில் இன்னும் பத்தாயிரம் என்று அறிவிப்பு. கட்டி முடிந்த வீடுகளுக்குப் போய்ப் பார்த்தால் அடுப்படி தனியாக இருக்கிறது, சன்னல் இருக்கிறது. காணி உறுதிப் பத்திரம் கைக்கு வந்த வீடுகளில் இன்னொன்றையும் கவனித்தேன். ஆட்கள் தாங்களாகவே பின்னால் ஒரு பத்தி இறக்கி விறகு அடுக்குகிறார்கள், ஓட்டை எடுத்துக் கண்ணாடி ஓடு வைக்கிறார்கள், புகைக்கு வழி விடுகிறார்கள். யாரும் வகுப்பு எடுக்கவில்லை. ஆனால் லயங்களின் எண்ணிக்கைக்கு முன்னால் இந்த வீடுகள் கொஞ்சம்தான். முறை வரும்வரை இருக்கிற காம்பராவில்தான் மூச்சு விட வேண்டும். ஒரு குழாய், ஒரு கொட்டகை, உடைந்த சீட்டை எடுப்பது, இதற்கெல்லாம் வீட்டுத் திட்டம் வரும்வரை காத்திருக்கச் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. காம்பராவில் குடியிருப்பவர் காற்றுக்கும் புகைக்கும் வழிவிட யாரையும் கேட்க வேண்டியதில்லை என்று ஒரு சுற்றறிக்கை போதும்.

அத்தை மகன் சுற்றறிக்கைக்குக் காத்திருக்கவில்லை. போன சித்திரை வருடப் பிறப்புக்கு முந்தின ராத்திரி, எல்லா வீட்டிலும் பலகாரம் சுடும் சத்தமும் ரேடியோச் சத்தமுமாக இருந்தபோது, உளியை வைத்துச் சுவரை உடைத்தான். கருங்கல்லும் சுண்ணாம்பும், மூன்று மணி நேரம் பிடித்ததாம். பழைய பீப்பாய்த் தகரத்தைச் சுருட்டிக் குழாய் செய்து செருகி, சுற்றிச் சீமெந்து பூசிவிட்டான். விடியற்காலையில் தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டியபோது புகை முதலில் காம்பராவுக்குள் சுற்றியது, பிறகு வழியைக் கண்டுபிடித்துப் போனது. லீவு முடிந்து பெரட்டுக்குப் போன அன்று கணக்கப்பிள்ளை மேட்டிலிருந்து பார்த்து, என்னப்பா உன் வீட்டுச் சுவர் புகைக்குது என்று கேட்டிருக்கிறார். இவன் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

அந்தக் கிழமையே பக்கத்து வீட்டு அக்கா உளியை இரவல் கேட்டு வந்தார். இப்போது அது லயத்தின் கடைசியில், தொங்கல் வீட்டில் இருக்கிறது.